மேலிருந்து கீழே

போஸ்ட்கிரஸ் சர்வர் ஒன்று புதிதாகக் கைக்கு வந்தால் நான் முதலில் திறப்பது, யார் எங்கிருந்து எப்படி உள்ளே வரலாம் என்று வரிவரியாகச் சொல்லும் பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் கோப்பைத்தான். டேபிளும் இண்டெக்ஸும் பிறகு. எனக்கு முன் அங்கே இருந்த டிபிஏ எப்படிப்பட்டவர் என்பதை அந்த வரிகளின் வரிசையே சொல்லிவிடும்.

சர்வர் மேலிருந்து கீழே படிக்கிறது. பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடுகிறது. அங்கே பாஸ்வேர்டு தவறினால் அடுத்த வரிக்குப் போய் இன்னொரு முறை முயல முடியாது. எந்த வரியும் பொருந்தாவிட்டால் அனுமதியே இல்லை. இந்தக் கறார்தான் எனக்குப் பிடித்தது. மைஎஸ்க்யூஎல் நண்பர்கள், "குறிப்பான ஹோஸ்டை சர்வரே முன்னால் எடுத்துக்கொள்கிறதே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்பார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். இங்கே அது எழுதியபடியே கண்ணெதிரே இருக்கிறது.

நல்ல கோப்பின் தலையில் லோக்கல், போஸ்ட்கிரஸ், பியர் என்றொரு வரி இருக்கும். அந்த மெஷினுக்குள்ளேயே, அந்தப் பெயரிலேயே லாகின் செய்தவரிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லை. அடுத்து அப்ளிகேஷன் சர்வர்: /32 போட்ட ஒரே முகவரி, ஒரே டேட்டாபேஸ், ஒரே ரோல், எஸ்எஸ்எல் கட்டாயம். அலுவலக நெட்வொர்க் அதற்கும் கீழே, ஸ்க்ராம் என்ற பாஸ்வேர்டு முறையோடு. வாசல் குறுகலாக இருக்கும் இடத்தில் சோதனை எளிது. அகல அகலச் சோதனை கடுமையாகிறது. ரெப்ளிகேஷனுக்குத் தனி வரி. டேட்டாபேஸ் பத்தியில் ஆல் என்று எழுதினாலும் ரெப்ளிகேஷன் அதில் அடங்காது என்பதை ரசித்துப் படித்தவர்கள் குறைவு.

இன்னொரு நயம். இல்லாத ரோலின் பெயரில் ஒருவர் வந்து பாஸ்வேர்டு கொடுத்தாலும், பாஸ்வேர்டு தவறு என்று மட்டுமே அவருக்குப் பதில் போகும். அப்படியொரு ரோலே கிடையாது என்ற உண்மை சர்வர் லாகில் மட்டும் பதிவாகும்.

நான் தொழில் கற்ற இடத்தில் ஒரு மூத்தவர் இருந்தார். ஒவ்வொரு வரிக்கும் மேலே கமென்ட் எழுதுவார்: யார் கேட்டது, எதற்காக, எந்தத் தேதியில் எடுத்துவிட வேண்டும். அந்தத் தேதியில் எடுத்தும் விடுவார். அவர் கோப்பைப் படித்தால் அந்த நிறுவனத்தின் வரலாறே தெரியும்.

இன்று பார்க்கிற கோப்புகளில் 0.0.0.0/0, பக்கத்தில் டிரஸ்ட்: எங்கிருந்து வந்தாலும் பாஸ்வேர்டு வேண்டாம். ஏன் என்று கேட்டால், "டெஸ்டிங்குக்குப் போட்டோம் சார்." அப்ளிகேஷனே சூப்பர்யூசராக உள்ளே வருகிறது. ஸ்க்ராம் 2017-இல் 10ஆம் பதிப்போடு வந்தது. 2021-இல் 14ஆம் பதிப்பு பாஸ்வேர்டுகளை அந்த முறையில் சேமிப்பதையே இயல்பாக்கியது. ஆனாலும் இன்னும் பழைய எம்டி5 பாஸ்வேர்டுகளை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். கோப்பில் பிழை இருக்கிறதா என்று பார்க்க பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் என்ற வியூ இருக்கிறது. எந்த வரியில் என்ன பிழை என்று அதுவே காட்டும். அதையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, வேலையை விட்டுப் போனவரின் வரியை நீக்கி, ரீலோட் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது. ஏற்கெனவே திறந்திருக்கும் கனெக்‌ஷனை ரீலோட் தொடாது. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் அவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த செஷனை நம் கையால்தான் முடித்துவைக்க வேண்டும்.