ஹல்மிடிக் கல் சொல்வதும் சொல்லாததும்

கருநாடகத்தில் ஹாசன் மாவட்டத்துப் பேலூரின் சிற்பங்களைப் புகழாதார் இல்லை. அதே பேலூர் வட்டத்தில் உள்ள ஹல்மிடி என்னும் சிற்றூருக்குச் சிற்பப் பெருமை கிடையாது. அதன் பெருமை ஒரே ஒரு கல். இரண்டரை அடி உயரம், ஓரடி அகலம்; தலையில் ஒரு சக்கரம்; அதன் கீழ்ப் பதினாறு வரி எழுத்து. 1936-இல் மைசூர் அரசின் தொல்லியல் துறை இயக்குநர் எம். எச். கிருஷ்ணா அதனைக் கண்டறிந்தார். மூலக்கல் மைசூருக்குச் சென்றுவிட்டது. ஊரில் நிற்பது நகல்.

கன்னடத்தின் முதற் கல்வெட்டு என்று அம்மக்கள் இதனைக் கொண்டாடினர். 2008-இல் கன்னடத்திற்குச் செம்மொழித் தகுதி கேட்டு வாதாடியபோதும் இக்கல்லைச் சான்று காட்டினர். அதில் நமக்கு மகிழ்ச்சியே. கன்னடம் நம் உடன்பிறந்த மொழி. ஆனால் தோழர்களே, பழமையை மட்டும் பெருமையாக்கினால் அப்பெருமைக்கு எத்தனை நாள் உயிர்? கல்லில் ஆண்டு எழுதப்படவில்லை. எழுத்தின் வடிவத்தையும் கதம்பர் பெயரையும் கொண்டு 450-ஐ ஒட்டியது என்றார் சிலர். ஆறாம் நூற்றாண்டு என்றார் வேறு சிலர். பின்னர்த் தாளகுந்தா அகழாய்வில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அது 370-ஐ ஒட்டியது என்று அறிவிக்கப்பட்டதும் முதலிடமும் கேள்விக்குள்ளாயிற்று. அதனால் ஹல்மிடிக் கல் மதிப்பிழந்ததா? இல்லை. படித்துப் பார்ப்பவனுக்கு அதன் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது.

தொடக்கம் திருமாலைப் போற்றும் வடமொழிச் சுலோகம். உள்ளேயும் வடமொழித் தொடர்கள் மலிந்து கிடக்கின்றன. ஆயினும் வாக்கியத்தைத் தாங்கும் எலும்பு யாருடையது? "பல்மடியும் மூழிவள்ளியும் கொட்டார்" என்கிறது கல். 'கொட்டார்' என்பது நம் 'கொடுத்தார்'. 'உம்' நம் 'உம்' தானே! அகராதியைப் புரட்டாமலே தமிழ்ச் சிறுவனும் புரிந்துகொள்வான். மூழிவள்ளியில் ஒலிக்கும் ழகரத்தைக் கன்னடம் பிற்காலத்தில் இழந்தது. பல்மடி பின்னர் ஹல்மிடி ஆயிற்று. நம் பால் அங்கே 'ஹாலு', நம் பல் அங்கே 'ஹல்லு' என்பதை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. கால்டுவெல் 1856-இல் ஒப்பிலக்கணத்தில் நிறுவிய உறவை இந்த ஊர்ப்பெயரே காட்டுகிறது.

இனிச் செய்திக்கு வருவோம். கேகய பல்லவரோடு நடந்த போரில் வென்ற விஜ அரசன் என்பானுக்கு இவ்விரு ஊர்களும் 'பாள்கழ்ச்சு' ஆகக் கொடுக்கப்பட்டன. பாள் என்றால் வாள். கழ்ச்சு என்றால் கழுவுதல். குருதி படிந்த வாளைக் கழுவி அளித்த கொடை! ஓர் ஆளின் வீரத்திற்குப் பரிசு இரண்டு ஊர். அவற்றில் வீடு இருந்திருக்கும், வயல் இருந்திருக்கும், உழுதவன் இருந்திருப்பான். அவனைக் கேட்டார்களா? கொடுத்த குலத்தின் பெயர் இருக்கிறது. பெற்றவன் பெயரும், அவன் தந்தை பெயரும் இருக்கின்றன. உழுதவன் பெயர் மட்டும் பதினாறு வரியிலும் இல்லை.

பட்டர்களை மறந்தார்களா? மறக்கவில்லை. நன்செயில் பத்திலொரு பங்கு, வரியில்லாமல்! அரசன் வாளேந்திப் பெற்றான். பட்டர் வாளைத் தொடாமலே பெற்றார்.

கொடையைக் கவர்வோனை ஏசும் பகுதியைக் காணுங்கள். 'கள்தோன் மகாபாதகன்' என்கிறது. திருடுவோனைக் குறிக்கும் 'கள்தோன்' கன்னடச் சொல், நம் கள்வனுக்கு உறவு. பாவத்தைக் குறிக்கும் 'மகாபாதகன்' வடசொல். களவு என்னவென்று உழவனுக்கு அவன் மொழியில் தெரிந்திருந்தது. அதற்குரிய பாவத்தின் பெயர்தான் வேறிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது.

இக்கல்லைப் பற்றி எழுதியோர் பலரும் காலத்தை அளந்தார்கள். எழுத்தின் வளைவை அளந்தார்கள். அந்த உழைப்பு இல்லையேல் நமக்கு ஒரு வரியும் விளங்கியிராது. ஆனால் அந்த இரண்டு ஊர்களின் உழவர் அன்று எவ்வளவு விளைத்தனர், எவ்வளவு கொடுத்தனர் என்ற கேள்வியைப் பாடநூல்கள் எழுப்புவதில்லை. வகுப்பில் நான் மாணவரிடம் முதலில் கேட்பது அதைத்தான்.