அணசு வைத்த குழாய்

டட்சன் 240 இசட்டில் எல்.எஸ்.1 வி8 எஞ்சின் இறக்கிய வண்டி எதுவானாலும், பானெட்டைத் தூக்கியதும் கண் போவது த்ராட்டில் பாடியிலிருந்து முன்பக்கம் ஓடும் அந்த 4 அங்குல அலுமினியக் குழாயின்மேல்தான். வளைவு சீராக வந்திருக்கிறதா, டிக் வெல்டிங்கின் செதில்கள் ஒரே அளவாக அடுக்கியிருக்கின்றனவா, பாலிஷா, கறுப்புப் பூச்சா என்று பேச்சு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. குழாய் நன்றாகத்தான் இருக்கும்; அமெரிக்காவில் இந்த வேலை செய்கிற நல்ல பட்டறைகளுக்கு வெல்டிங் கைவந்த கலை. ஆனால் இன்டேக் செய்தவரின் தரம் அங்கே தெரிவதில்லை என்பது என் கட்சி. ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஃபில்டரையும் எடுத்துவிட்டு, குழாய் தொடங்குகிற விளிம்பைப் பார்க்க வேண்டும். ரம்பத்தால் அறுத்த வெட்டு அப்படியே பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது நாகசுரத்தின் அணசுபோல் வெளிப்பக்கம் விரிந்து மடிந்திருக்கிறதா? வண்டி விற்கும்வரை யார் கண்ணிலும் படாத அந்த பெல்மவுத்துக்கு ஒருவர் மெனக்கெட்டிருந்தால், மற்ற இடங்களைச் சோதிக்கவே வேண்டாம்.

சூட்டைப் பற்றிப் பெரிய தகராறு இல்லை. 30 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. திறன் அதே விகிதத்தில் விழாது. பாதி விழுந்தாலும், 1997 கார்வெட்டில் 345 குதிரைத்திறனோடு வந்த இந்த எஞ்சினில் 15 போய்விடும். ஆகவே காற்று எடுக்கும் வாய் ரேடியேட்டர் தாங்கும் சட்டத்துக்கு முன்னால் இருந்தாக வேண்டும். 240 இசட்டின் எஞ்சின் அறையோ நீளவாட்டில் ஆறு சிலிண்டர் உட்காருவதற்காகச் செய்த குறுகிய இடம். அங்கே வி8 உட்கார்ந்ததும், த்ராட்டில் பாடி நேராக ரேடியேட்டர் விசிறியைப் பார்க்கிறது. குழாய் வெளியே வந்த கையோடு வளைந்தாக வேண்டும். நெருக்கடி முழுக்க இங்கேதான். இதை விட்டுவிட்டுக் குழாய்க்குத் தங்க நிறச் சூட்டுத்தாள் சுற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழு த்ராட்டிலில் காற்று விநாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மீட்டர் குழாயை விநாடியில் 100-ல் 3 பங்கு நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் அலுமினியத்திடமிருந்து அது எவ்வளவு சூட்டை வாங்கிவிடும்? நெரிசலில் ஊரும்போது தாள் கொஞ்சம் உதவலாம். அப்போது யாருக்கும் குதிரைத்திறன் தேவைப்படுவதில்லை.

அந்த 33 மீட்டர் வாய்க்கு வந்த எண் அல்ல. 5.7 லிட்டர் எஞ்சின் 6,000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16,000 லிட்டர் காற்றை விழுங்குகிறது. 4 அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கணக்கு அங்கே வந்து நிற்கும். 3 அங்குலக் குழாய் போட்டால் வேகம் 60-ஐ நெருங்கும். இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். வெட்டுவிளிம்போடு நீட்டி நிற்கும் குழாய்க்குள் காற்று திரும்பி நுழையும்போது, 33 மீட்டர் வேகத்துக்குரிய அழுத்தத்தில் முக்கால் பங்குக்குமேல் வீணாகிறது. பாஸ்கல் கணக்கில் ஏறத்தாழ 500. விரிந்த விளிம்பில் அது 25 அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதோடு பானெட்டில் ஓட்டை போட்டு ஸ்கூப் வைப்பவர்களின் ஆதாயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்: 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் மொத்த அழுத்தமே 460 பாஸ்கல் சொச்சம்தான், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. அதுவும் முழுதாகக் கைக்கு வந்தால். 240 இசட்டின் அந்த நீண்ட பானெட்டை அறுத்துக் கிடைப்பதைவிடக் கூடுதலாக, லேத்தில் கடைந்த ஒரு வளையம் பெட்டிக்குள் இருந்தபடியே மீட்டுத் தந்துவிடுகிறது. 1967-ல் கமாரோ இசட்/28-க்கு ஷெவ்ரலே விருப்பத் தேர்வாகக் கொடுத்த ஏற்பாடு கண்ணாடி அடிவாரத்திலிருந்து காற்றெடுத்தது. அழுத்தம் தேங்குகிற இடம் அதுதான் என்று தெரிந்து செய்த வேலை. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முன்னால் பார்க்கும் எல்.எஸ். த்ராட்டிலுக்கு அங்கிருந்து குழாய் கொண்டுவருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

அரை சதவீதத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அழுத்தம் மட்டும் என்றால் நானும் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கமாட்டேன். விஷயம் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சாரில் இருக்கிறது. அது குழாயின் நடுவில் ஓடும் கொஞ்சம் காற்றைத் தொட்டுப்பார்த்து மொத்தக் கணக்கைச் சொல்கிறது. வெட்டுவிளிம்பில் காற்று சுவரை விட்டுப் பிரிந்து, நடுவில் நெருங்கி, ஓரத்தில் சுழல்கிறது. அடுத்ததே சென்சார் என்றால் அது சொல்வது பொய்க்கணக்கு. இந்த இடத்தில் நீளமான நேர்க்குழாய்க்கு வழியில்லை. எனவே காற்று நுழையும்போதே ஒழுங்காக நுழைந்தாக வேண்டும். ஐடிலில் தடுமாற்றம், மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு இழுப்பு என்று வருபவற்றில் பலவற்றுக்குப் பழி ட்யூனிங்கின் மேல் போகிறது. விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. இதைவிடக் கொடுமை, சென்சாருக்கு முன்னால் தொழிற்சாலை வைத்த வலையைக் குதிரைத்திறன் கிடைக்கும் என்று பிடுங்கி எறிவது. எம்.ஏ.எஃப்.பே வேண்டாம், மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து ட்யூன் செய்கிறோம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை எங்கே பதிக்கிறார்கள் என்று மட்டும் கேட்பேன்.

திறந்த கோன் ஃபில்டர்காரர்கள் டைனோ தாளை நீட்டுவார்கள். அந்தத் தாள்களில் பெரும்பாலானவை பானெட்டைத் திறந்துபோட்டு, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டு எடுத்தவை. சூடே இல்லாத இடத்தில் சூட்டைத் தடுக்கும் பெட்டி எப்படி ஜெயிக்கும்? சத்தத்துக்காக வைக்கிறோம் என்று நேராகச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். திறந்த ஃபில்டர் வழியே வி8 மூச்சிழுக்கும் உறுமல் உண்மையிலேயே நன்றாக இருக்கும். இப்போதோ கிட் வாங்கி, சிலிகான் ஹோஸை இழுத்துச் செருகி, புழு கிளாம்ப்பை முறுக்கிவிட்டு அதற்குக் கோல்டு ஏர் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். குழாய் முனையில் பீடிங் உருட்டக்கூடச் சோம்பல். 3டி பிரிண்டரில் பெல்மவுத் எடுப்பதை வரவேற்கிறேன், ஆனால் 60 டிகிரியிலேயே இளகும் பி.எல்.ஏ.வில் எடுத்துப் பானெட்டுக்கடியில் வைப்பதற்கு அறுத்த விளிம்பே மேல். விரிவை எவ்வளவு பெரிதாகக் கடைவது என்பதிலும் ஆசைக்கு அளவு உண்டு. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே கிடைக்கவேண்டியது ஏறக்குறைய கிடைத்துவிடும். அதற்கு மேல் வேண்டியது பெருக்கம் அல்ல, விலகல்: விளிம்புக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே குழாய் விட்டத்தில் பாதியாவது இடம் விட்டிருக்க வேண்டும்.