விளைநிலத்தின் மீது வழக்கு

பெண்ணை நிலம் என்றனர். ஆணை வித்து என்றனர். கேட்பதற்கு இனிய உவமைதான். உழவைப் போற்றும் நாட்டில் நிலம் என்று அழைப்பது இழிவாகுமா என்று கேட்போரும் உண்டு. ஏட்டில் இருக்கும்வரை உவமை உவமைதான். சட்டமாகி வீட்டுக்குள் நுழைந்துவிட்டாலோ, அது ஆளைக் கொல்லும் ஆயுதம். பயிர் முளைக்காவிட்டால் நிலத்தின்மீது பழி. விதைத்தவன் விரும்பாத பயிர் விளைந்தாலும் நிலத்தின்மீதே பழி! பெண் மகவைப் பெற்றவள்மீது நூற்றாண்டு நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கு இதுதான். வாதி கணவன், சாட்சி மாமியார், தீர்ப்புக்கு ஆதாரம் பழைய ஏடு. அந்த ஏடுகளைச் சற்றே புரட்டி, இன்றைய உயிரியலின் ஒளியில் அவை எப்படி நிற்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முன்னோர் அறியவில்லை என்பதற்காக அவர்களை எள்ளி நகையாடுவது பகுத்தறிவு ஆகாது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் கருவின் கதையை யார்தான் கண்டிருக்க முடியும்? அறியாமை குற்றமன்று. அறியாத ஒன்றின்மீது உறுதியான தீர்ப்பு எழுதி, அத்தீர்ப்பைத் தெய்வத்தின் பெயரால் நிலைநாட்டியதே குற்றம். நமது விமர்சனம் அந்தக் குற்றத்தின் மீதுதான்.

இப்பிழை நம் நாட்டில் மட்டும் பிறந்ததன்று. கிரேக்கத்து நாடகப் பெரும்புலவர் ஈஸ்கிலஸ், கி.மு. 458இல் ஏதென்ஸ் அரங்கில் ஏற்றிய 'யூமெனிடீஸ்' நாடகத்தைக் காணுங்கள். தந்தையைக் கொன்ற தாயை மகன் கொன்றுவிடுகிறான். வழக்கு மன்றம் கூடுகிறது. மகனுக்காக வாதாட வருபவன் அப்பல்லோ என்னும் கடவுள். அவன் வைக்கும் வாதம் என்ன? தாய் என்பவள் பெற்றவளே அல்லள். தந்தை இட்ட வித்தைக் காத்து வளர்க்கும் செவிலி மட்டுமே என்பது! வாக்குகள் சமமாகின்றன, மகன் விடுதலை பெறுகிறான். நாடகம் என்ற முறையில் அது ஒப்பற்ற படைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால், தாயைக் கொன்றவனைக் காக்கத் தாய்மையையே மறுக்க வேண்டியிருந்தது என்பதை அந்தக் கவிதையழகு மறைத்துவிடலாகாது. அடுத்த நூற்றாண்டில் வந்த அரிஸ்டாட்டில், ஆண் உருவத்தைத் தருகிறான், பெண் வெறும் பொருளைத் தருகிறாள் என்று எழுதி, அந்த நாடக வாதத்துக்குத் தத்துவப் போர்வை போர்த்தினார்.

இனி, மனுவின் நூலுக்கு வருவோம். இரட்டைப்படை இரவுகளில் கூடினால் ஆண் மகவு, ஒற்றைப்படை இரவுகளில் கூடினால் பெண் மகவு என்று மூன்றாம் அத்தியாயம் கணக்குச் சொல்கிறது. ஆணின் வித்து மிகுந்தால் ஆண், பெண்ணின் வித்து மிகுந்தால் பெண் என்று அடுத்த சுலோகத்திலேயே இன்னொரு காரணமும் கூறுகிறது. அப்படியானால் பெண்ணுக்கும் வித்து உண்டு என்றல்லவா ஆகிறது? ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போனால் பெண் மீண்டும் வெறும் நிலம். எந்த வித்தை விதைக்கிறோமோ அதுவே முளைக்கும், நிலத்தின் குணம் அதில் தோன்றாது என்று அங்கே விளக்கம் வேறு!

சரி, அவர் சொன்னபடியே வைத்துக்கொள்வோம். வித்துதான் பயிரைத் தீர்மானிக்கிறது. எந்த இரவு என்று நாள் குறிப்பவனும் கணவனே. அவ்வாறாயின், பெண் பிறந்தால் பொறுப்பு யாருடையது? மனுவின் வாய்மொழியாலேயே கணவனுடையதுதான். ஆனால் அதே ஒன்பதாம் அத்தியாயம் வழங்கும் தீர்ப்பைக் கேளுங்கள்: பிள்ளை பெறாத மனைவியை எட்டாம் ஆண்டிலும், பெற்ற பிள்ளைகளையெல்லாம் இழந்த மனைவியைப் பத்தாம் ஆண்டிலும், பெண்களையே பெறும் மனைவியைப் பதினோராம் ஆண்டிலும் ஒதுக்கிவைத்து வேறொருத்தியை மணக்கலாமாம்! விதைத்தவன் அவன், நாள் பார்த்தவன் அவன், தண்டனை மட்டும் அவளுக்கு. ஆகவே, மனுவின் பிழை அறிவியல் வருமுன் செய்த பிழை என்று சொல்லித் தப்ப முடியாது. அவர் வகுத்த கொள்கையையே அவர் எழுதிய தீர்ப்பு மதிக்கவில்லை. அறியாமை அங்கே ஆதிக்கத்தின் பணியாள்.

தமிழில் தோன்றிய நூல் என்பதற்காகத் திருமந்திரத்துக்குச் சலுகை காட்டுவதும் நேர்மையாகாது. கூடும் வேளையில் மூச்சு வலப்புறம் ஓடினால் ஆண், இடப்புறம் ஓடினால் பெண், இருபுறமும் ஒத்து ஓடினால் இரண்டிலும் சேராத பிள்ளை என்கிறது அந்நூல். மனு விதித்ததுபோன்ற தண்டனை இக்கருத்தோடு வரவில்லை, அதுவரையில் மகிழ்ச்சி. ஆனால் பிள்ளை மந்தனாகவும், ஊமையாகவும், கண்ணற்றும் பிறப்பதற்குக் காரணம் தேடும்போது, அந்நூலும் தாயின் வயிற்றில்தான் போய்க் குற்றத்தைக் காண்கிறது. யோகியின் பார்வையும் ஊராரின் பார்வையும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகிவிட்டன!

ஏடுகள் சொன்னவை இவை. இயற்கை என்ன சொல்கிறது? இயற்கையிடம் நேரில் கேட்டவர் ஒருவர், துறவி மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்த கிரெகோர் மெண்டல். உருண்ட விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை; சுருக்கம் தொலைந்தேவிட்டதோ என்று தோன்றியது. அடுத்த தலைமுறையில் எண்ணினார்: உருண்டவை 5,474, சுருங்கியவை 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! தொலைந்ததாகத் தோன்றியது மறைந்துதான் இருந்தது. ஒவ்வொரு பண்புக்கும் உயிரில் இரு கூறுகள் உண்டு. ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இரண்டும் பிரிந்து ஒன்று மட்டுமே போகும். இதுவே அவர் கண்ட விதி. 1866இல் அச்சான அந்த ஆய்வை உலகம் கவனிக்க 1900 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மெண்டலின் தோட்டத்தில் நிலமும் இருந்தது, வித்தும் இருந்தது. ஆனால் வித்தை ஆண் என்றும் நிலத்தைப் பெண் என்றும் அவர் பிரிக்கவில்லை. வித்துக்குள்ளேயே தாயும் தந்தையும் சரிபாதி என்று எண்ணிக் காட்டினார். பழைய உவமை அங்கேயே இறந்துவிட்டது.

அந்தக் கூறுகள் உயிரணுவுக்குள் எங்கே இருக்கின்றன? சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் புலப்படும் நுண்ணிய இழைகளில் இருக்கின்றன. குரோமோசோம்கள் என்று பெயர். ஆண், பெண் என்ற வேறுபாடும் இவற்றில்தான் இருக்கிறது என்பதைக் கண்டவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு பெண்மணி: அமெரிக்காவின் நெட்டி ஸ்டீவன்ஸ். பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக உழைத்துப் பணம் சேர்த்து, முப்பத்தைந்து வயதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தவர். மாவைத் தின்னும் ஒருவகை வண்டை அவர் ஆராய்ந்தார். பெண் வண்டின் உயிரணுவில் பெரிய குரோமோசோம்கள் 20. ஆண் வண்டில் பெரியவை 19, சிறியது ஒன்று. ஆணின் விந்தணுக்களில் பாதி பெரிய குரோமோசோமையும், பாதி அந்தச் சிறியதையும் ஏந்திச் சென்றன. சிறியது சேர்ந்தால் ஆண்; பெரியது சேர்ந்தால் பெண். இது 1905ஆம் ஆண்டு. அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் வேறு பூச்சிகளில் தனியே ஆராய்ந்து இம்முடிவை நெருங்கினார். பின்னர் வந்த பாடநூல்கள் பலவும் வில்சனின் பெயரைச் சொன்ன அளவுக்கு ஸ்டீவன்ஸின் பெயரைச் சொல்லவில்லை. 1912இல் அவர் மறைந்தார். பெண் பிறப்பின் காரணத்தைக் கண்டு சொன்னவள் ஒரு பெண்; அவள் பெயரையே மறந்தது உலகம்!

மனிதரிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். நம் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் என்பது 1956இல் திட்டமாயிற்று. 23 தாய் தந்தவை. 23 தந்தை தந்தவை. அவற்றுள் ஒரு சோடி பெண்ணிடம் எக்ஸ், எக்ஸ். ஆணிடம் எக்ஸ், ஒய். தாயின் முட்டையில் இருப்பது எப்போதும் எக்ஸ். தந்தையின் விந்தணுவில் பாதிக்கு எக்ஸ், பாதிக்கு ஒய். எது முந்திச் சேர்கிறதோ அதற்கேற்ப மகளோ மகனோ. ஒய் குரோமோசோம் ஆண்மைக்கு வழிகாட்டுகிறது என்பது 1959இலும், அதில் அப்பணியைத் தொடங்கிவைக்கும் மரபணு எது என்பது 1990இலும் தெளிவாயின. இந்த இரு வகைக்குள் அடங்காமல் பிறப்போரும் உண்டு. அவர்களும் இயற்கையின் பிள்ளைகளே. யார் மூச்சின் பிழையும் அல்லர்.

ஆக, வழக்கு முடிந்தது, நிலம் குற்றமற்றது! கருவுற்ற அந்தக் கணமே முடிவாகிவிட்ட ஒன்றுக்காக, மூன்றாம் மாதத்தில் ஆண் மகவு வேண்டிப் பும்சவனம் என்னும் சடங்கு செய்வது, தேர்வுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தபின் பாடம் படிப்பது போன்றது. தாள் போய்விட்டது, அன்பரே! இனி மந்திரம் எதற்கு?

இங்கே நம் தோழர்களிடம் ஒரு சொல். நம் மேடைகளில் சிலர், "பெண் பிறந்தால் குற்றவாளி அவள் அல்ல, அவன்தான்!" என்று முழங்குகின்றனர். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் அது பாதி உண்மை. எக்ஸும் ஒய்யும் தந்தையிடமிருந்து வருகின்றன என்பது சரி. எதை அனுப்புவது என்று தந்தை தேர்ந்தெடுக்கிறானா? இல்லை. நாணயத்தைச் சுண்டினால் பூ விழுமா, தலை விழுமா என்பது போன்றதே அது. ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்பது பழமொழி. ஐந்து பிள்ளைகள் பிறந்த வீடுகள் 32 எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஏறத்தாழ ஒன்றில் ஐந்தும் பெண்ணாக இருக்கும் என்பது கணக்கு. யார் செய்த பாவமும் இல்லை. யார் வாங்கிய சாபமும் இல்லை. ஆறாவது பிள்ளைக்கும் வாய்ப்பு அதே பாதிதான். முன்பு பிறந்த ஐவரைப் பற்றிய நினைவு விந்தணுவுக்குக் கிடையாது.

அதைவிட முதன்மையான ஒன்று: குற்றவாளி யார் என்று தேடும்போதே, பெண் பிறப்பது குற்றம் என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்! பழியை மனைவியின் தலையிலிருந்து இறக்கிக் கணவன் தலையில் ஏற்றுவதா நமது வேலை? பழி என்னும் சுமையையே குப்பையில் எறிவதல்லவா வேலை? கோழியினத்தில் பால் வேறுபாட்டைத் தீர்மானிப்பது தாயின் முட்டை. முதலையினத்திலோ முட்டை கிடக்கும் இடத்தின் வெப்பம். இயற்கை ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. எந்த வழியிலும் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை.

"எல்லாம் சரி, வம்சம் விளங்க மகன் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வம்சக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தந்தையின் ஒய் மகனுக்குப் போகிறது. தந்தையின் எக்ஸோ மகளுக்கு மட்டுமே போகிறது. எக்ஸ் பெரியது, எண்ணூறுக்கும் மேற்பட்ட மரபணுக்களைத் தாங்குவது. ஒய் சிறியது, அதில் இருப்பவை மிகச் சில. மற்ற 22 குரோமோசோம்கள் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு. அப்படியானால் தந்தையிடமிருந்து மகன் பெறும் மரபுச் செல்வத்தைவிட மகள் பெறுவது ஒரு துளி கூடுதலே! மகன்களை மட்டுமே பெற்றவனுடைய எக்ஸ் அவனோடு நின்றுபோகிறது. புத் என்னும் நரகிலிருந்து கரையேற்றப் புத்திரன் வேண்டும் என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருந்தால், சுலோகத்தை எப்படித் திருத்தியிருப்பார்களோ!

இவையெல்லாம் பள்ளிப் பாடநூலில் இருக்கின்றன. மாணவர் படிக்கின்றனர், படம் வரைகின்றனர், மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால் வருகைப் பதிவேட்டில் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயர்களைப் படித்து அழைத்த ஆசிரியர்கள் இந்நாட்டில் உண்டு. பெயர் கூப்பிடும்போதெல்லாம் தன் பிறப்பே பிழையென்று கேட்டு, "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்கும் சிறுமிக்கு, எக்ஸும் ஒய்யும் என்ன ஆறுதல் தந்தன?

அறிவியல் கருவியும் பழைய கைகளில் சிக்கினால் பழைய வேலையையே செய்யும். கருவைக் காக்க வந்த ஸ்கேன் பெட்டி, பெண் கருவைத் தேடி அழிக்கும் கருவியாயிற்று. 1994இல் அதைத் தடுக்கச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. 2003இல் அதை மேலும் இறுக்க வேண்டியிருந்தது. ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 1991இல் 945 பெண் பிள்ளைகள் இருந்த இந்தியாவில், 2001இல் 927 பேரே இருந்தனர். தமிழ்நாட்டிலும் பெண் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்ததே! குரோமோசோம் எது என்று பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள், பார்த்தபின் என்ன செய்யக்கூடாது என்பதைக் கற்கவில்லை. கருவி புதிது, அதை ஏவிய கருத்து மனுவின் பதினோராம் ஆண்டுத் தீர்ப்பு.

ஆகையால், தோழர்களே, ஏட்டிலுள்ள பிழையைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுவது விமர்சனமாகாது. அந்தப் பிழை இன்று எந்த வீட்டில் குடியிருக்கிறதோ, அந்த வீட்டு வாயிலுக்கு நாம் போக வேண்டும். திருமண மேடைகளில் வாழ்த்துரைக்க நிற்கும்போது, "ஆண் மகவு பெற்று வாழ்க" என்ற வழக்கமான வரியை விட்டுவிட்டு இரண்டு நிமிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வகுப்பறையில் எக்ஸ், ஒய் என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்கள் அதன் கீழே மனுவின் தீர்ப்பையும் எழுதி, எது சரி என்று மாணவரையே கேட்கட்டும். மூன்றாவதும் பெண் என்று செய்தி வரும் வீட்டுக்குத் துக்கம் விசாரிப்பவர்போல் போகாமல், சர்க்கரையோடு போங்கள்.