தெக்கால போகணுமா, வலதுபுறம் திரும்பவா? – வரைபடச் செயலி பேசும் தமிழ்

கூகுள் மேப்ஸ் தமிழில் வாய் திறந்து வழி சொல்ல ஆரம்பித்தது 2018 மார்ச்சில். இந்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம், குஜராத்தி ஆறும் ஒன்றாக வந்து சேர்ந்தன. இந்தச் செயலியைப் பற்றி நாம் வழக்கமாகப் படிப்பவை இரண்டு வகை. ஒன்று, எந்தப் பொத்தானை அழுத்தணும் என்று சொல்லும் கையேடு. இன்னொன்று, 'மேப்பை நம்பிப் போய் மாட்டிக்கிட்டாங்க' என்கிற செய்தி. ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்கு மதிப்புரை எழுதுகிற மாதிரி, அது பேசுகிற தமிழை எடுத்து வைத்துப் பார்ப்பது குறைவு. இந்தக் குறிப்பில் அதைச் செய்து பார்க்கலாம்.

யார் பேசுகிற தமிழ்?

'200 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்.' இந்த மாதிரி வாக்கியம்தான் அதன் அடிப்படை. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிற எந்த மனுஷரும் இப்படிப் பேச மாட்டார். 'அந்த பெட்ரோல் பங்க் தாண்டுனதும் ரைட்ல திரும்புங்க' என்பார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'திரும்பவும்' என்பது அறிவிப்புப் பலகைத் தமிழ். 'வரிசையில் நிற்கவும்', 'காலணிகளை இங்கே விடவும்' என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. எழுதி மாட்டுவதற்காக உண்டான ஏவல் அது; அதைக் குரலில் கேட்கும்போது அலுவலகத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அடுத்து 'வலதுபுறம்'. ஊரில் அது சோத்தாங்கைப் பக்கம், வண்டி ஓட்டும்போது ரைட்டு. வலதுபுறம் நல்ல சொல்தான், எனக்கு அதோடு சண்டை இல்லை. ஆனால் ஹாரன் சத்தத்துக்கு நடுவே சட்டென்று காதில் ஏறுவது எது என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வித்தியாசம்தான் பெரியது. ஒருவர் பெட்ரோல் பங்கைச் சொல்கிறார், இன்னொன்று 200 மீட்டரைச் சொல்கிறது. பெட்ரோல் பங்க் கண்ணுக்குத் தெரியும், 200 மீட்டர் தெரியாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 200 மீட்டரைக் கடக்க 18 விநாடி ஆகும். அந்த 18 விநாடிக்குள் வலப்பக்கம் மூன்று சந்து வந்துபோகிற தெருக்கள் நம்மிடம் நிறைய. மூன்றில் எது என்பதற்கு மீட்டரில் பதில் இல்லை.

பெட்ரோல் பங்க் எங்கே போனது?

இதற்குக் காரணம் மொழிபெயர்ப்பாளர் இல்லை. அவர் கைக்கு வந்த மூலத்திலேயே பெட்ரோல் பங்க் கிடையாது.

1956இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினியறிஞர் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, ராட்டர்டாமிலிருந்து க்ரோனிங்கனுக்குக் குறுக்கு வழி எது என்று கணக்கிடும் முறையைச் சுமார் 20 நிமிடத்தில் யோசித்தார். 1959இல் அது அச்சில் வந்தது. சந்திப்புகள் எல்லாம் புள்ளிகள், சாலைகள் எல்லாம் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நீளம். இன்றைய செயலிகள் இதைவிட எவ்வளவோ வேகமான முறைகளை வைத்திருக்கின்றன. நெரிசல், சராசரி வேகம் எல்லாம் சேர்க்கின்றன. ஆனால் அடியில் இருப்பது அதே புள்ளியும் கோடும்தான். அங்கே பிள்ளையார் கோயிலுக்கும் புளியமரத்துக்கும் வேலை இல்லை. ஆகவே திரும்பி வரும் பதிலிலும் திருப்பமும் தூரமும்தான் இருக்கும்.

கோடு எப்படிப்பட்டது என்பதும் தரவில் பதிவாகி இருந்தால்தான் தெரியும். 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், கர்நாடகத்திலிருந்து சுற்றுலா வந்தவர்களின் கார் செயலி காட்டிய வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றது. உள்ளூர்க்காரர் ஒருவர் வழி சொல்லியிருந்தால் முதல் வாக்கியமே 'அது படிக்கட்டுங்க, கார் போவாது' என்றுதான் இருந்திருக்கும்.

கெவின் லிஞ்ச் 1960இல் எழுதிய 'நகரத்தின் பிம்பம்' நூல், பாஸ்டன், ஜெர்ஸி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் தங்கள் ஊரை மனசில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தது. பாதை, விளிம்பு, வட்டாரம், கூடுமிடம், அடையாளம் என்று ஐந்து கூறுகளாக அவர் பிரித்தார. செயலியின் குரலில் பாதையும் சந்திப்பும் மட்டும் மிஞ்சுகின்றன. ஆற்றங்கரை என்கிற விளிம்பு, பேட்டை என்கிற வட்டாரம், மணிக்கூண்டு என்கிற அடையாளம் மூன்றும் விழுந்துவிடுகின்றன.

நிறுவனத்துக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 2009 டிசம்பரில் அடையாளம் வைத்து வழி சொல்லும் முறையை கூகுள் இந்தியாவில்தான் முதலில் அறிமுகப்படுத்தியது. இங்குள்ளவர்கள் தெருப் பெயரை வைத்து வழி சொல்வதில்லை என்பதை ஆய்ந்து பார்த்துத்தான் அதைச் செய்தார்கள். 2023 டிசம்பரில் மறுபடியும், ஓர் இடத்தின் முகவரியோடு பக்கத்தில் உள்ள அடையாளங்களைச் சேர்த்துக் காட்டும் வசதியை இந்தியாவுக்கு அறிவித்தார்கள். நடுவில் 14 வருஷம். இன்றும் தமிழ்க் குரலில் நம் காதில் விழுவது பெரும்பாலும் தூரமும் சாலைப் பெயரும்தான்.

அடையாளம் மாறிக்கொண்டே இருக்குமே, டீக்கடையை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மனுஷர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சென்னை அண்ணா சாலையில் சஃபையர் தியேட்டர் போய்ப் பல காலம் ஆகிறது. 'பழைய சஃபையர் தியேட்டர் இருந்த இடம்' என்றால் விவரம் தெரிந்தவர்களுக்கு இன்னும் விளங்கும். இல்லாத கட்டடத்தை வைத்து இருக்கிற இடத்தைச் சொல்வது சாதாரண வித்தை இல்லை.

திசை என்னாச்சு?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

1990களில் நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தார், வெவ்வேறு மொழிக்காரர்கள் இடத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் தமிழைப் படித்தவர் எரிக் பெடர்சன். ஒரே மொழிக்குள் இரண்டு ஏற்பாடு இருப்பதை அவர் காட்டினார். நகரத்துத் தமிழர்கள் மேசை மேல் இருக்கும் பொம்மையைக்கூட இடது, வலது என்று சொன்னார்கள். கிராமத்துத் தமிழர்கள் வடக்கே, தெற்கே என்று சொன்னார்கள். பேசுகிறவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் வடக்கு வடக்குதானே. அப்படிச் சொல்ல வேண்டுமானால் எந்நேரமும் மண்டைக்குள் ஒரு திசைகாட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நமக்கு இது புதுசில்லை. 'தெக்கால போயி மேக்கால திரும்பு' என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பந்தியில் 'கொஞ்சம் வடக்கே தள்ளி உக்காருங்க' என்றாலும் யாரும் முழிப்பதில்லை. சொற்களிலேயே நிலம் இருக்கிறது. மேற்கில் 'மேல்' இருக்கிறது, அந்தப் பக்கம் மலை. கிழக்கில் 'கீழ்' இருக்கிறது, அந்தப் பக்கம் கடல். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிற திசைப் பெயர்கள் இவை.

மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு. 'மேல மாசி வீதி' என்று கேட்ட மாத்திரத்தில், கோயிலுக்கு மேற்கே, உள்ளிருந்து நாலாவது சுற்று என்று தெரிந்துவிடும். தெருப் பெயரே வழி சொல்கிறது. சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்ற பெயரில்தான் இருக்கின்றன.

இந்தத் திசையறிவு செயலியிடம் நம்மைவிடத் துல்லியமாக இருக்கிறது. செயற்கைக்கோளும் திசைகாட்டியும் அதன் கையில். ஆனாலும் கிளம்பும்போது 'வடக்கு நோக்கி' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு இடது வலது மட்டும்தான். வழிகாட்டும்போது வரைபடமும் நாம் போகிற திசை மேலே வரும்படி சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் 20 நிமிடம் ஓட்டி இறங்கிய பிறகு ஊரின் எந்த மூலையில் நிற்கிறோம் என்பது தெரியாது. தெக்கால மேக்கால என்று நினைக்கப் பழகியவரிடம், அவருக்கே உரிய ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுக்கிறார்கள். தமிழ்க் குரல் என்று பேர், ஆனால் இரண்டு தமிழில் ஒன்றுக்கு மட்டும்தான் இடம்.

ஆங்கிலம் வழியாக வரும் ஊர்

பெயர்களின் கதை வேறு மாதிரி. 2021 ஜனவரியில் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளில் இடப்பெயர்களைக் காட்டும் வசதி வந்தது. ரோமன் எழுத்தில் பதிவான பெயரை இயந்திரம் அந்தந்த எழுத்துக்கு மாற்றித் தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் பிறந்த பெயர் ஆங்கிலத்துக்குள் போய்த் திரும்பி வரும்போது ல, ள, ழ மூன்றும் குழம்பும். குறில் நெடில் தொலையும். குளம் குலம் ஆகலாம், பள்ளி பல்லி ஆகலாம். கண்ணால் படிக்கிறவர் சிரித்துவிட்டுப் போவார். காதால் மட்டும் கேட்டு ஓட்டுகிறவருக்கு அது வேறு ஊர்.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. எழும்பூரையும் கோயம்புத்தூரையும் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்ற கேலியிலேயே விவாதம் முடிந்துபோனது. தவறான நுனியைப் பிடித்து இழுத்த கதை அது. தமிழ்ப் பெயரை மூலமாக வைத்து, மற்ற எழுத்துகளை அதிலிருந்து எடுத்தால் பிரச்சினை பாதி தீரும். பட்டாவிலும் சிட்டாவிலும் ஒவ்வொரு கிராமத்தின் பெயரும் தமிழில் இருக்கத்தானே செய்கிறது?

வழி கேட்பதன் விலை

இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'அந்தக் காலத்துல நாலு பேரைக் கேட்டுப் போவோம், என்ன அழகா இருந்துச்சு' என்று முடிக்க நான் தயாரில்லை. கிராமத்தில் வழி கேட்டால் பதிலுக்கு முன்னால் கேள்வி வரும். 'யார் வீட்டுக்கு? எந்தத் தெரு? நீங்க எந்த ஊரு?' பாதி அக்கறை, மீதி சாதி விசாரணை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் கோடு இருக்கிற இடத்தில், காலனிக்கு வழி கேட்டவரைப் பார்க்கிற பார்வையே மாறும். ராத்திரி எட்டு மணிக்குத் தனியாகப் போகிற பெண்ணுக்கு, டீக்கடையில் நிற்கும் பத்து ஆண்களிடம் வழி கேட்பது சுகமான அனுபவமாக இருக்காது. யாரிடமும் எதையும் சொல்லாமல் ஓர் ஊருக்குள் போய் வர முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த விடுதலையைக் கொடுத்தது இந்தச் செயலிதான்.

இந்த விடுதலை தேவைப்படுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலப் பலகை படிக்க வராது, மீட்டர் கணக்கு கைவராது. அவர்களுக்காகத்தான் தமிழ்க் குரல் என்றால், அது அவர்களுக்குப் புரிகிற மாதிரி பேச வேண்டும். 'பள்ளிவாசல் தாண்டி மேக்கால திரும்புங்க' என்று அது சொல்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இடங்கள் பதிவாகி இருக்கின்றன, திசை இருக்கிறது, குரலும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துக் கோக்க ஒரு தமிழர் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

அதுவரை நம் கையில் இருக்கிற வேலை ஒன்று உண்டு. கூகுள் மேப்ஸில் திருத்தம் அனுப்பலாம். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்ப் பெயருக்கென்றே தனி இடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் தெருவின் பெயர், கம்மாயின் பெயர், ஊர் மந்தையின் பெயர் அங்கே தமிழில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்படியே, உங்க ஊர்ப் பக்கம் இடது வலதுக்கு என்ன சொல்லுவாங்க, திசைக்கு என்ன சொல்லுவாங்க என்றும் எழுதுங்கள். சோத்தாங்கை, பீச்சாங்கை, நொட்டாங்கை வரை என்னிடம் இருக்கிறது. பட்டியலை நீட்ட வேண்டும்.