முட்டத்து நுரையும் மெலிந்த நகலும்

முட்டம் கடற்கரையில் பாறைமேல் அலை மோதிச் சிதறும் அந்த ஒரு நொடி, அங்கே எடுத்த கல்யாண வீடியோவின் எடிட்டருக்குப் பெரிய சோதனை. நுரை ஃபிரேமுக்கு ஃபிரேம் உருமாறும். இன்றைய 4கே கேமராக்கள் பலவும் முழுப்படத்தை எப்போதாவது ஒருமுறை பதிந்துவிட்டு, இடையில் மாறியதை மட்டும் குறித்துவைக்கின்றன. அதனால் கோப்பு சிறுக்கிறது. ஆனால் ஒரு ஃபிரேமில் நிறுத்திப் பார்க்க, அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் கணினி அவிழ்த்தாக வேண்டும். மூன்று கேமராக் காட்சிகளை அடுக்கினால் நல்ல கணினியும் திணறும்.

வெட்டுவதற்கென்று எடுக்கும் மெலிந்த நகலான ப்ராக்ஸி கைகொடுப்பது இங்கேதான்.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்த ஒரு மணி நேரக் காட்சி 45 ஜிபி பிடிக்கும். அதையே 1280×720 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸியாக மாற்றினால் ஏழு ஜிபி சொச்சம்தான். அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து முழுதாக இருப்பதால் விரல் இழுத்த இடத்தில் படம் நிற்கும். வெட்டின் தாளம் கையில் பிடிபடுவது அப்போதுதான். அலை எழுவதில் வெட்டுவதா, உடைந்தபின் வெட்டுவதா என்று இருபது தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

நகலில் வெட்டும் இந்த ஏற்பாடு புதியதல்ல. பாரதிராஜா இதே முட்டத்தில் 'அலைகள் ஓய்வதில்லை' (1981) எடுத்த காலத்தில், எடிட்டிங் மேசைக்கு நெகட்டிவ் வராது. லேபில் அதிலிருந்து எடுத்த பாசிட்டிவ் பிரதியான ரஷ்தான் வெட்டும் ஒட்டும் கீறலும் தாங்கும். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். ஓரத்தில் வரிசை எண் அச்சாகியிருக்கும். எடிட்டர் முடித்த ரஷ்ஷின் எண்களை ஒப்பிட்டு, நெகட்டிவ் கட்டர் மூலத்தில் கத்தரி வைப்பார். அந்தக் கை தவறினால் போன ஃபிரேம் போனதுதான். அந்த எண்ணின் வேலையை இன்று கோப்பின் பெயரும் ஒவ்வொரு ஃபிரேமின் நேரக்குறியான டைம்கோடும் செய்கின்றன. நகலின் ஃபிரேம் வேகமோ டைம்கோடோ மாறினால், மூலத்தோடு இணைக்கும்போது வெட்டுகள் இடம் நழுவும்.

ஆனால் ப்ராக்ஸியை எல்லாவற்றுக்கும் நம்பக் கூடாது. 3840×2160 படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு புள்ளிகளே 720 நகலில் இருக்கின்றன. ஃபோகஸ் மணப்பெண்ணின் கண்ணில் விழுந்ததா, காதுக் கம்மலில் விழுந்ததா என்று அதில் கண்டுபிடிப்பது கடினம். நகலில் மங்கித் தெரிகிறதே என்று நெருங்கிய குளோசப் ஒன்றை ஒதுக்கிவிடுவதும் நடக்கும். மூலத்தில் அது கூர்மையாகவே இருக்கும். முதல்தர எடிட்டரின் ரசனை இங்கேதான் தெரிகிறது: தாளத்துக்கு நகல், முகத்துக்கு மூலம். முக்கியமான ஷாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை மூலத்துக்கு மாறிப் பார்த்துவிடுவார். வண்ணம் சேர்க்கும் கட்டத்தில் நகலுக்கு வேலையே இல்லை.

முட்டத்து ஷாட்டில் வெட்டை முடித்து, எடிட்டர் ப்ராக்ஸி பட்டனை அணைக்கிறார். வெள்ளைத் திட்டாகத் தெரிந்த நுரை துளித்துளியாகப் பிரிகிறது. மணப்பெண்ணின் இமையில் ஒரு துளி உப்புநீர். அதற்காக மூன்று ஃபிரேம் நீட்டி, மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்.