கஞ்சா: எடையா, வீரியமா?

கஞ்சா என்றதும் காய்ந்த இலையும் பூவுமே நினைவுக்கு வரும். ஆனால் போதை தருவது டிஎச்சி என்ற வேதிப்பொருள். அது பூவில் ஊறும் பிசினில் திரண்டிருக்கிறது. பிசினைத் தனியே திரட்டினால் சரஸ், ஹஷீஷ். கரைப்பான் கொண்டு பிரித்தால் மெழுகு, எண்ணெய். பூவில் டிஎச்சி பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடு. செறிவூட்டிய எண்ணெயில் அது 80 விழுக்காட்டையும் தாண்டலாம். மின்சிகரெட்டில் அடைத்துவிட்டால் இலையின் அடையாளமே மிஞ்சாது. சரக்கு இப்படி மாறிவிட்ட காலத்தில், சட்டத்தின் தராசு எதை நிறுக்க வேண்டும்?

சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் இந்த வேறுபாட்டை அறியாததல்ல. 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்துவது தூக்குத் தண்டனைக்குரிய குற்றம். பிசின் என்றால், கச்சாவோ சுத்திகரித்ததோ, 200 கிராமைத் தாண்டினாலே போதும். எடை என்பது யாருக்கும் புரியும் கோடு. ஆளுக்கேற்ப வளையாது, பேரத்துக்கு இடம் தராது. எல்லைக் கட்டுப்பாட்டை நம்பி வாழும் சிறிய நாட்டுக்கு இந்தத் தெளிவு பெரும் பலம்.

குறை, அந்தக் கோடு எதை அளக்கிறது என்பதில்தான். 10 விழுக்காடு வீரியமுள்ள பூ 510 கிராம் என்றால் அதில் டிஎச்சி 51 கிராம். கடத்தியவர் தூக்குக்கோட்டைத் தாண்டிவிட்டார். 80 விழுக்காடு வீரியமுள்ள எண்ணெய் 190 கிராமில் டிஎச்சி 152 கிராம். அதைக் கடத்தியவர் கோட்டுக்குள் நிற்கிறார். மும்மடங்கு போதைக்குக் குறைந்த தண்டனை! கள்ளையும் சாராயத்தையும் ஏறக்குறைய ஒரே படியால் அளப்பது போன்றது இது. இந்தியச் சட்டத்தில் வணிக அளவு கஞ்சாவுக்கு 20 கிலோ, சரஸுக்கு 1 கிலோ. இருபதுக்கு ஒன்று என்ற விகிதம். இங்கே அது இரண்டரைக்கு ஒன்று. 2023 ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்ட வழக்கில் கஞ்சாவின் எடை 1,017.9 கிராம். அதன் வீரியம் என்ன என்று சட்டம் கேட்பதே இல்லை.

வீரியத்தை அளப்பது கடினம் என்பார்கள். ஹெராயினுக்கு அதைத்தானே செய்கிறோம்? அதற்குரிய 15 கிராம் வரம்பு, ஹெராயினில் போதை தரும் தூய டயமார்ஃபினின் எடை. கடத்துபவருக்கு வீரியம் தெரியாதே என்றால், ஹெராயின் சுமப்பவருக்கும் அதன் தூய்மை தெரியாது. நாளாக ஆக டிஎச்சி சிதையும் என்பது நியாயமான கவலை. பிடிபட்டவுடன் மாதிரி எடுத்துச் சோதிப்பதே அதற்கு வழி. இது தளர்வுக்கு வாசல் திறக்கும் என்ற அச்சத்துக்கும் அடிப்படையில்லை. 2022இல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிய தாய்லாந்துகூட, 0.2 விழுக்காட்டுக்கு மேல் டிஎச்சி உள்ள சாற்றைப் பட்டியலிலேயே வைத்திருந்தது. வீரியத்தை அளந்தால் செறிவூட்டிய எண்ணெய்க்குச் சட்டம் இன்னும் கடுமையாகும். வீரியம் குறைந்த இலைக்காக ஓர் உயிர் போவதும் நிற்கும். உயிரைப் பறிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் சட்டம், எந்தப் பொருள் கேடு செய்கிறதோ அந்தப் பொருளையே நிறுக்கக் கடமைப்பட்டது.