பக்டிகியனின் கணக்கும் இணையத்தின் வாயில்களும்

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் உள்ள சிம்பாங் அம்பாட் என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய் மொழியில் நாற்சந்தி என்பது பொருள். அவ்வூரில் வாழும் தமிழ் வாசகருக்கு, கையில் உள்ள தொலைபேசியில் உலக நடப்பை அறிய எளிதில் எட்டும் வழிகளும் நான்கு: முகநூல், வாட்ஸ்அப், யூடியூப், கூகுள் தேடுபொறி. இவற்றுள் முன்னிரண்டும் மெட்டா நிறுவனத்தின் உடைமை. பின்னிரண்டும் கூகுளின் உடைமை. யூடியூபைக் கூகுள் 2006இல் விலைக்கு வாங்கிற்று. வாட்ஸ்அப்பை முகநூல் நிறுவனம் 2014இல் வாங்கிற்று. வழிகள் நான்காயினும் வாயில்கள் இரண்டே. செய்தி உடைமை சிலர் கையில் குவிவதை எண்ணிக்காட்டிய அமெரிக்க நூலொன்றை மீண்டும் எடுத்து ஆராய்வதற்கு இஃது ஏற்ற காலம்.

அந்நூல் பென் பக்டிகியன் எழுதிய ‘ஊடக ஏகபோகம்’. 1971இல் பென்டகன் ஆவணங்களை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்குப் பெற்றுத் தந்த செய்தியாளர் அவர். 1983இல் வெளிவந்த முதற்பதிப்பில், அமெரிக்கச் செய்தித்துறையின் பெரும்பகுதி ஐம்பது நிறுவனங்களின் கையில் உள்ளது என்று கணக்கிட்டார். மிகைபடக் கூறுகிறார் என்றாரும் உண்டு. 2004இல் அதே நூலைப் புதுக்கி எழுதியபோது, ஐம்பது ஐந்தாகச் சுருங்கியிருந்தது. மிகை என்றவர்க்கு அவ்வெண்ணே விடையாயிற்று.

எனினும் நூலின் உயிர் எண்ணிக்கையில் இல்லை. உடைமையாளர் நாள்தோறும் ஆணையிட வேண்டுவதில்லை. எதை எழுதினால் முகம் சுளிப்பார் என்பதை ஆசிரியர் குழு தானே கற்றுக்கொள்கிறது. விளம்பரம் தருவோரின் விருப்பம் செய்திப் பக்கத்தின் வடிவையே மாற்றிவிடுகிறது. அச்சிடப்பட்ட பொய்யைக் காட்டிலும் அச்சேறாத உண்மையே பெருங்கேடு என்பதுதான் பக்டிகியன் நிறுவ முயல்வது.

மலேசிய வரலாறு இக்கருத்துக்கு நல்ல சான்று தருகிறது. 1971இல் பினாங்கில் பிறந்த ‘தி ஸ்டார்’ நாளிதழ், சில ஆண்டுகளில் மலேசியச் சீனர் சங்கத்தின் கைக்குச் சென்றது. அக்கட்சி 2001 மே மாதத்தில் நன்யாங் இதழ் நிறுவனத்தையும் வாங்க முற்பட்டபோது, சீன எழுத்தாளர் பலர் அந்நிறுவனத்தின் இதழ்களுக்கு எழுதுவதையே நிறுத்தினர். எழுதிப் பிழைப்போர் எழுதாதிருத்தலைப் படைக்கலமாகக் கொண்டது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்கள் அஞ்சிய குவிப்பு வேறு வழியில் வந்தது: 2008இல் நடந்த இணைப்புக்குப்பின் சின் சியூ, நன்யாங், சைனா பிரஸ், பினாங்கின் குவாங் மிங் ஆகிய நான்கு நாளிதழ்களும் ஒரே குழுமத்தின்கீழ் அமைந்தன. பெயர் நான்கு, கணக்கேடு ஒன்று.

தமிழ்ப் பக்கம் நிலை வேறு. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ பிற்காலத்தில் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராயிருந்த துன் ச. சாமிவேலுவின் குடும்பத்தார் வசம் இருந்தது. 2019இன் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. அதன் சாய்வு எப்பக்கம் என்பது தோட்டத்துத் தேநீர்க்கடையில் அமர்ந்திருந்தோர்க்கெல்லாம் தெரியும். தெரிந்தே படித்தனர், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு படித்தனர். ஆஸ்ட்ரோவின் தமிழ்த் தொலைக்காட்சியும் ராகா வானொலியும் ஒரே உடைமை என்பதும் மறைபொருள் அன்று. உடைமையாளர் யார் என்பது தெரிந்தால், வாசகர் தம் அறிவைக் காவலாக நிறுத்த முடியும்.

பக்டிகியனின் கணக்கு போதாமற்போவது இவ்விடத்தில்தான். தேடுபொறியின் உடைமையாளர் யார் என்பதை எல்லாரும் அறிவர். அதன் சாய்வு யாது என்பதை எவரும் அறியார். நூலகத்தில் நூல்களை அடுக்கும் முறைக்கு விதி உண்டு. ஐயம் எழுந்தால் நூலகரைக் கேட்கலாம். கட்டுரைக்குக் குறிப்புத் தேடும் மாணவர்முன் வந்து நிற்கும் முதற்பக்கத்துக்கு அத்தகைய விதி வெளிப்படையாக இல்லை. முதலில் நிற்பதே முதன்மையானது என்று மாணவர் கொள்வதில் வியப்பில்லை. ஆசிரியர் சிலரும் அவ்வாறே கொள்கின்றனர். இவ்விடத்தைத் தக்கவைக்கக் கூகுள் செலவிட்டது எவ்வளவு என்பது அமெரிக்க வழக்கொன்றில் வெளிவந்தது. தொலைபேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் அமைந்திருப்பதற்காக 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, அந்நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவந்தது எனத் தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் தீர்வு வகுத்தபோதோ, நிறுவனத்தைப் பிரிக்க ஆணையிடவில்லை. பிறரை விலக்கும் ஒப்பந்தங்களையே தடுத்தார்.

அதே 2024 ஆகஸ்டில் மலேசியாவில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. பாலஸ்தீனத் தலைவர் இஸ்மாயில் ஹனியே கொல்லப்பட்டதற்கு இரங்கிப் பிரதமர் அன்வார் இப்ராகிம் வெளியிட்ட பதிவுகளை மெட்டா நீக்கிற்று. அரசு விளக்கம் கேட்டபின், செயற்பாட்டில் நேர்ந்த பிழை என்று மன்னிப்புக் கேட்டுப் பதிவுகளை மீட்டது. நாட்டின் பிரதமருக்குச் சில நாளில் மறுமொழி கிடைத்தது. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் பதிவு அவ்வாறு மறைந்தால் அவர் யாரிடம் சென்று கேட்பார்? நாளிதழ் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் அதற்கு ஓர் ஆசிரியர் உண்டு. அவர்க்குக் கடிதம் எழுதலாம். அக்கடிதம் அச்சேறுவதும் உண்டு. புதிய வாயில்களில் உடைமையாளர் உண்டு, ஆசிரியர் இல்லை. ஐந்து என்னும் எண்ணைவிட இவ்வின்மையே அஞ்சத்தக்கது.

இதனால் பழைய நாளிதழ்க் காலம் பொற்காலம் என்று கொள்ளுதல் தவறு. 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ் உரிமம் அரசின் கையில் இருந்தது. 1987இல் ‘தி ஸ்டார்’ உள்ளிட்ட மூன்று இதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டது. 1999இல் ‘மலேசியாகினி’ இணையத்தில் பிறந்ததும் அவ்வுரிமம் வேண்டா வெளி அங்கு இருந்தமையால்தான். இப்பொழுது அவ்வெளிக்கும் உரிமம் வந்துவிட்டது: எண்பது இலட்சம் பயனர்க்கு மேற்பட்ட சமூக ஊடகங்கள் மலேசியாவில் உரிமம் பெற வேண்டும் என்னும் விதி 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. வாயில் காப்போனுக்கு மேல் இன்னொரு வாயில் காப்போனை வைப்பது வாசகர்க்கு எவ்வளவு பயன் தரும் என்பது தனியே ஆராய வேண்டிய பொருள்.

வாயிலை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா சான்று. செய்திக்கு விலை கொடுக்கவேண்டும் என்று அந்நாடு சட்டம் இயற்ற, மெட்டா 2023 ஆகஸ்டு முதல் அங்குள்ள முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே நிறுத்திற்று. அம்மாதமே காட்டுத்தீக்கு அஞ்சி எல்லோநைஃப் நகரத்தார் ஊரை விட்டு வெளியேறினர். தீயைப் பற்றிய செய்தியின் இணைப்பை அவர்கள் ஒருவர்க்கொருவர் முகநூலில் அனுப்ப இயலவில்லை. டொராண்டோவில் வாழும் தமிழர்க்கும் அத்தடை பொருந்தும்.

பக்டிகியன் இணையத்தைக் குறித்தும் 2004இல் எழுதினார். அவ்வாண்டில்தான் முகநூல் பிறந்தது. யூடியூப் பிறக்கவே இல்லை. ஆதலின் இக்குறை நூலாசிரியரைச் சாராது. இந்நூலைத் தமிழில் தர முன்வருவோர், உடைமையாளர் பட்டியலை அப்படியே பெயர்த்துவிட்டு நிற்றலாகாது. செய்தி எவ்வாயில் வழியாக வந்தது, தடைப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்னும் இரண்டு பத்திகளை அப்பட்டியலில் கூட்டவேண்டும். இரண்டாம் பத்தியில் பல இடங்கள் வெற்றிடமாகவே இருக்கும்.